தார் முடியும் இடத்துக்கு அப்பால்: ஆஃப்ரோடு முதலுதவி, வாசகர் கேள்வி – பதில்

மலைப்பாதையிலும் மணல்மேட்டிலும் ஜீப் ஓட்டும் வாசகர்கள் முதலுதவி பற்றி அனுப்பிய கேள்விகளில் பலரும் கேட்டிருந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். தார்ச்சாலை விபத்தில் ஆம்புலன்ஸ் அடிபட்டவரைத் தேடி வரும். கரடுமுரடான பாதையில் அடிபட்டவரை நீங்கள்தான் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

நாங்கள் எட்டு வண்டிக்காரர்கள். அடிக்கடி சேர்ந்து கிளம்புகிறோம். முதலுதவிப் பயிற்சி எடுக்க நினைக்கிறோம். எங்கே எடுப்பது? குழுவில் ஒருவர் மட்டும் எடுத்தால் போதுமா?
– வாசகர், ஈரோடு

ஒருவர் போதாது. அடிபடுகிறவர் அவராகவே இருக்கலாம். குறைந்தது இரண்டு பேர் முழுப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஒருவர் முன்வரிசை வண்டியிலும் இன்னொருவர் கடைசி வண்டியிலும் இருக்கட்டும். மற்ற எல்லோருக்கும், ஓட்டாமல் கூட வரும் குடும்பத்தாரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், மூன்று வேலை கைபழகியிருக்க வேண்டும்: பாயும் ரத்தத்தை நிறுத்துவது, மயங்கியவரைப் பக்கவாட்டில் புரட்டி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது, மூச்சு நின்றவருக்கு சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி உயிர்மீட்பு, கொடுப்பது.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்திய செஞ்சிலுவைச் சங்கம் இரண்டும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. உங்கள் மாவட்டக் கிளையில் கேளுங்கள். சேரும் முன் ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள்: ‘ஒவ்வொருவரும் பொம்மையில் அழுத்திப் பழகவும், கட்டுப் போட்டுப் பழகவும் நேரம் கிடைக்குமா?’ படம் காட்டி, பேசி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வகுப்பு உங்கள் தேவைக்கு உதவாது. சி.பி.ஆரில் நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். பொம்மையில் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பார்த்தால்தான் ஆள் மாற்றாமல் தொடர முடியாது என்பது கைக்குப் புரியும்.

நகர வகுப்பில் ஒரு குறை உண்டு. பத்து, இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்ற கணக்கில்தான் அதன் பாடம் இருக்கும். வனாந்தர முதலுதவி என்று உலகெங்கும் தனிப் பயிற்சி இருக்கிறது. அடிப்படை நிலை சுமார் 16 மணி நேரம், அதாவது இரண்டு நாள். அதற்கு அடுத்த நிலை 70, 80 மணி நேரம் வரை போகும். மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் சில இந்தியாவில் அவ்வப்போது இதை நடத்துகின்றன. எட்டு பேரில் ஒருவர் அந்த அடிப்படை நிலையை முடித்துவந்து மற்றவர்களுக்குப் பழக்கினால் நல்லது.

சான்றிதழ் வாங்கியபின் பயிற்சியை விட்டால் ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் அடிபட்டவராகப் படுத்துக்கொள்ளட்டும். இன்ன காயம் என்று ஒருவர் மட்டும் அறிந்திருக்க, மற்றவர்கள் கண்டுபிடித்துக் கட்டுப் போடட்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தேடி எடுக்கவே நான்கு நிமிடம் ஆகிறது என்றால், பெட்டி தவறான இடத்தில் இருக்கிறது.

ஆஃப்ரோடில் அதிகம் அடிபடுவது வண்டி கவிழ்ந்தா?
– வாசகர், தேனி

கவிழ்வது கண்ணில் படுகிறது, அதனால் எல்லோரும் அதையே நினைக்கிறார்கள். ஆனால் மெதுவாக ஊர்ந்து போகும் வண்டி கவிழும்போது, சீட் பெல்ட் போட்டு, கையை உள்ளே வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சிராய்ப்போடு இறங்கிவிடுவார்கள். மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே இழுக்கும் வேலையைப் பார்த்துத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். எல்லோரும் வண்டியைவிட்டு இறங்கியிருப்பார்கள், அவசரம் இருக்கும், சுற்றி நின்று வீடியோ எடுப்பவர்களும் இருப்பார்கள்.

விஞ்ச், அதாவது கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் இயந்திரத்தின் கம்பி இறுகி நிற்கும்போது அதற்குள் பெரும் விசை தேங்கியிருக்கிறது. கம்பியோ கொக்கியோ ஷாக்கிளோ (இணைக்கும் இரும்பு வளையமோ) விட்டுவிட்டால் அந்த விசை முழுவதும் ஒரே திசையில் பாயும். இழுவைப் பட்டையை இழுவைக் குண்டில், அதாவது டோ பாலில் மாட்டுவதை இன்றும் பார்க்கிறோம். அந்தக் குண்டு டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்யப்பட்டது. திடீர் இழுப்பு அதற்கு ஆகாது. உடைந்து பறந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும், ஆளைக் கொன்றுவிடும். சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிணைத்த ரெக்கவரி பாயிண்டில் மட்டும் மாட்டுங்கள். இழுபடும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஓட்டுநர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. கம்பியின் நடுவில், அது அறுந்தால் சுண்டுவதை அடக்கும் கனமான டேம்பரோ ஈரச் சாக்கோ போடுங்கள். செயற்கை நூலிழைக் கயிறு கம்பியைவிடக் குறைவாகவே சுண்டும். ஆனால் அதன் முனையில் இரும்பு ஷாக்கிள் இருந்தால் ஆபத்து அப்படியே இருக்கிறது.

இன்னொன்று விரல். கொக்கியைக் கையால் பிடித்து ஃபேர்லீடு (கம்பி விஞ்சுக்குள் நுழையும் வாய்) வரை கொண்டுபோகிறவர்களின் விரல்தான் நசுங்கும். கொக்கியில் பட்டை கட்டி அந்தப் பட்டையைப் பிடியுங்கள். கடைசி ஒரு மீட்டரில் ரிமோட்டைத் தொடர்ந்து அழுத்தாமல் சிறிது சிறிதாகத் தட்டித் தட்டிச் சுற்றுங்கள். வண்டியை உயரத் தூக்கும் ஹை-லிஃப்ட் ஜாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கைப்பிடி பாதியில் நழுவினால் சுமையின் விசையோடு மேலே எகிறித் தாடையைப் பிளக்கும். குனிந்து ஜாக்குக்கு நேர்மேலே முகத்தை வைக்காதீர்கள்.

விரல் நசுங்கினால் முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். கால் மணி நேரம் போனால் வீங்கிக் கழற்ற முடியாமல் ஆகிவிடும். சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். விரல் துண்டாகிவிட்டால், துண்டைச் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் (காயத்துக்கான வலைத்துணியில்) சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரிலோ பாலிலோ ஊற வைத்தால் கெட்டுவிடும். இப்படிக் குளிர வைத்த விரல் 12 மணி நேரம் தாண்டியும் ஒட்டும் நிலையில் இருக்கும். தசையுள்ள கை, காலுக்கு 6 மணி நேரம்தான் கணக்கு. எல்லா மருத்துவமனையிலும் ஒட்டவைக்கும் நுண் அறுவை இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் கோவை கங்கா மருத்துவமனையிலும் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. 108-இல் பேசும்போதே துண்டான விரலும் கையில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பட்டையோ கொக்கியோ வயிற்றிலும் மார்பிலும் அடித்தால் வெளியே ஒரு சிவந்த தடம் மட்டுமே தெரியலாம். ஆள் ‘ஒன்றுமில்லை’ என்பார். முகம் வெளிறி, வியர்த்து, நாடி வேகமாகி, வயிறு இறுகினால் உள்ளே ரத்தம் கொட்டுகிறது. கட்டுப் போட்டு நிறுத்த வழியே இல்லாத ரத்தக்கசிவு அது. படுக்க வைத்து, போர்த்தி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள்.

ரத்தம் நிற்கக் கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது என்று பள்ளியில் படித்தோம். இப்போது டூர்னிகே என்ற இறுக்குப் பட்டையைக் கட்டச் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகி, நாகர்கோவில்

இரண்டு பேச்சுக்கும் காரணம் உண்டு. மெல்லிய கயிறு, நைலான் சரடு, ஒயர் போன்றவை தோலை அறுத்து நரம்பை நசுக்குமே தவிர, ஆழத்தில் உள்ள தமனியை அடைக்காது. பாதி இறுக்கத்தில் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பும் ரத்தம் மட்டும் தடைபட்டுக் காயத்தில் அதிகமாகக் கொட்டும். பாம்புக்கடிக்குக் கட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டதால் ‘கட்டவே கூடாது’ என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்கள். அகலமான பட்டையை முழு இறுக்கத்தோடு போட்டால் உயிர் தப்பும் என்பதைப் போர்க்கள மருத்துவ அனுபவம் தெளிவாகக் காட்டிய பிறகு வழிகாட்டுதல்கள் மாறின.

பெரும்பாலான காயத்துக்கு டூர்னிகே தேவையே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு, காஸை வைத்து, உங்கள் உடல் எடையைச் சாய்த்து 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து ‘நின்றுவிட்டதா’ என்று பார்க்காதீர்கள், உறைந்தது பிய்ந்துவிடும். காயம் ஆழமான குழியாக இருந்தால் மேலே துணி வைப்பது பயன் தராது. காஸ் சுருளை விரலால் குழியின் அடிவரை திணித்து, ரத்தம் வரும் புள்ளியில் படும்படி நிரப்பி, அதன்மேல் அழுத்த வேண்டும். தொடை இடுக்கு, அக்குள், கழுத்தடி போன்ற இடங்களில் டூர்னிகே போட முடியாது. அங்கே இப்படித் திணிப்பது ஒன்றுதான் வழி. மார்பிலும் வயிற்றிலும் மட்டும் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் கிளையையோ கம்பியையோ பிடுங்காதீர்கள். அசையாதபடி இருபுறமும் துணிச் சுருள் வைத்துக் கட்டுங்கள்.

கை அல்லது காலிலிருந்து ரத்தம் பீறிட்டாலோ, தரையில் குளமாகத் தேங்கினாலோ, அழுத்தியும் நிற்காவிட்டாலோ டூர்னிகே போடுங்கள். காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டைத் தவிர்த்து, பட்டையை முதலில் கையாலேயே முடிந்த அளவு இறுக இழுங்கள். அதன்பிறகுதான் திருகுகோலைத் திருக வேண்டும். பட்டையைத் தளர்வாக விட்டுத் திருகினால் கோல் நின்றுவிடும், ரத்தம் நிற்காது. கற்றுக்கொள்ளும்போது பலரும் செய்யும் பிழை இதுதான். ரத்தம் நின்று, கீழே நாடி இல்லாமல் போகும்வரை திருகுங்கள். அடிபட்டவர் வலியில் கத்துவார். சரியாகப் போட்ட டூர்னிகே கடுமையாக வலிக்கத்தான் செய்யும். அதற்காகத் தளர்த்தாதீர்கள். நிற்காவிட்டால் முதலாவதற்குச் சற்று மேலே இன்னொன்று போடுங்கள். போட்ட நேரத்தை மார்க்கரால் நெற்றியிலோ பட்டையிலோ எழுதுங்கள். 2 மணி நேரம் வரை உறுப்புக்குப் பெரிதாகக் கேடு வருவதில்லை. ‘கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்’ என்று இடையில் தளர்த்துவது பழைய பழக்கம். அதைக் கைவிடுங்கள், ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் உயிர்தான் கசிகிறது.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலி டூர்னிகேக்களின் பிளாஸ்டிக் திருகுகோல் இறுக்கும்போது ஒடிந்துவிடும். நல்லதாக இரண்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். பழகுவதற்குத் தனியாக ஒன்று வேண்டும், பழகித் தேய்ந்ததை நிஜக் காயத்துக்கு நம்பக் கூடாது. ஒன்றுமே இல்லாத இடத்தில், வேட்டி அல்லது துப்பட்டாவை 5 செ.மீ. அகலப் பட்டையாக மடித்துக் கட்டி, முடிச்சின்மேல் ஒரு ஸ்பேனரை வைத்து மறுபடி முடிந்து, திருகி, ஸ்பேனரின் முனையைக் கட்டிவிடலாம்.

வண்டி தலைகீழாகக் கிடக்கிறது, ஓட்டுநர் பெல்ட்டில் தொங்குகிறார். முதலில் என்ன செய்வது?
– வாசகர், பொள்ளாச்சி

முதலில் ஓடாதீர்கள். சரிவின் கீழ்ப்பக்கம் யாரும் போகாதபடி ஒருவர் நிறுத்தட்டும். கவிழ்ந்த வண்டி இன்னொரு சுற்று உருளலாம். சக்கரத்துக்கோ ரோல் கேஜுக்கோ (ஆட்களைக் காக்கும் கம்பிக் கூண்டுக்கோ) கல் கொடுத்து, இன்னொரு வண்டியின் விஞ்சிலோ பலமான மரத்திலோ கட்டி நிலைப்படுத்துங்கள். பழகியவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. இக்னிஷனை அணையுங்கள். எரிபொருள் வாடை வந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தீயணைப்பானோடு ஒருவர் தயாராக நிற்கட்டும். சுற்றி யாரும் புகை பிடிக்கக் கூடாது.

அடிபட்டவரிடம் எதிரே இருந்து பேசுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். பதில் சொல்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் நிதானமாகச் செய்யலாம். பெல்ட்டை அப்படியே விடுவித்தால் உடல் எடை முழுவதும் தலையிலும் கழுத்திலும் இறங்கும். ஒருவர் தலையைத் தாங்க, இருவர் தோளையும் இடுப்பையும் மேலே தூக்கிப் பிடிக்க, நான்காமவர் பெல்ட்டை அறுக்க வேண்டும். அதேசமயம் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டம் போடவும் கூடாது, மூச்சு திணறும்.

மூச்சு இல்லை, அல்லது தீப்பற்றுகிறது என்றால் கழுத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு இழுத்து வெளியே போடுங்கள். மூச்சுக்கு அடுத்துத்தான் முதுகெலும்பு.

வெளியே எடுத்தபின் கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், நடு முதுகில் தொட்டால் வலி ஆகியவற்றைக் கேளுங்கள். தொடை எலும்பு முறிந்தால் உள்ளே மட்டுமே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கலாம். இரண்டு காலுக்கும் நடுவே மடித்த போர்வை வைத்து, நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள். இடுப்பெலும்பில் சந்தேகம் இருந்தால், 20 செ.மீ. அகலத்தில் மடித்த படுக்கை விரிப்பைத் தொடையின் மேல்முனையில் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பு மட்டத்தில் சுற்றி இறுக்குங்கள். பலர் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள், அது பயன்படாது. முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுங்கள். இடுப்பை அழுத்தியும் ஆட்டியும் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஆளைத் தோளில் போட்டுத் தூக்காதீர்கள். நால்வராக ஒரே எண்ணிக்கையில் புரட்டிப் பாயின்மேல் படுக்க வைத்து, பிக்கப் இருந்தால் அதன் பின்பக்கத்தில் கிடத்துங்கள். கூடவே ஒருவர் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். அந்த வண்டியின் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் குலுக்கல் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். குழுவிலேயே மெதுவாக, பதறாமல் ஓட்டுகிறவர் யாரோ அவர் ஓட்டட்டும். அவர் அடிபட்டவரின் அண்ணனாக இருந்தால் வேண்டாம்.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறோம். கவிழும் வண்டிக்குள் கட்டாத பொருள்தான் ஆளை அடிக்கும். ஜாக், டூல் பாக்ஸ், சமையல் கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ராட்செட் பட்டையால் கட்டுங்கள். ஜீப்பின் பின்பக்கத்தில் பெல்ட் இல்லாத பக்கவாட்டு இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள். கொழுக்குமலை மாதிரிப் பாதையில் வாடகை ஜீப்பில் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்: கம்பியை வெளிப்பக்கமாகச் சுற்றிப் பிடிக்காமல் உள்பக்கமாகப் பிடியுங்கள்.

முதலுதவிப் பெட்டியில் என்னென்ன, எவ்வளவு வைக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

புது வண்டியோடு வரும் பெட்டி கீறலுக்கு மட்டும்தான். ஐந்து வண்டி, பன்னிரண்டு பேர், ஒரு நாள் பயணம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

ரத்தத்துக்கு: டூர்னிகே 2, 10 செ.மீ. அகல காஸ் சுருள் 6, கிருமி நீக்கிய காஸ் பொட்டலம் 20, கிரேப் பேண்டேஜ் 10 செ.மீ. அகலத்தில் 4, 15 செ.மீ. அகலத்தில் 2. எலும்புக்கு: முக்கோணத் துணி 4, முறிந்த எலும்பை அசையாமல் தாங்கும் மடக்கு ஸ்பிளிண்ட் 2. 500 மி.லி. சலைன் 2, சமையலறை கிளிங் ஃபிலிம் (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) 1 சுருள், நைட்ரைல் கையுறை 10 ஜோடி, சீட் பெல்ட்டை அறுக்கும் காயக் கத்தரி 1, வாய் வழி மூச்சு கொடுக்க முகமூடி 1, ஓ.ஆர்.எஸ். 10, பாராசிட்டமால், மார்க்கர், தலை விளக்கு. வெள்ளித்தாள் போர்வை 3 வையுங்கள், அதோடு ஒரு கனமான கம்பளியும். ரத்தம் இழந்தவர் குளிர்ந்தால் ரத்தம் உறையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மழையில் நனைந்து கிடப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. மேலே போர்த்துவதோடு நிற்காமல் கீழேயும் பாய் விரியுங்கள், ஈரத் தரைதான் அதிகமாகச் சூட்டை உறிஞ்சும்.

பெட்டிக்குப் பதில் சிவப்புப் பை நல்லது. இருக்கையின் பின்புறம் பட்டையால் கட்டி, வண்டி தலைகீழானாலும் கை எட்டும் இடத்தில் வையுங்கள். சாமான்களுக்கு அடியில் வைத்த பெட்டி இல்லாததற்குச் சமம். கோடையில் மூடிய வண்டிக்குள் இருக்கும் சூட்டில் பிளாஸ்டரின் பசை உருகும், எலாஸ்டிக் இறந்துவிடும், கையுறை ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து கொதிநீர் முகத்தில், கையில் பட்டால்?
– வாசகர், மதுரை

20 நிமிடம் ஓடும் தண்ணீர். தண்ணீர் கேனைச் சாய்த்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மெல்ல ஊற்றினால் 20 லிட்டர் கேன் சரியாகப் போதும். ஆகவே குடிநீர் போக ஒரு கேன் தனியாக வேண்டும். அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். பிறகு கிளிங் ஃபிலிமை நீளவாக்கில் மேலே போர்த்துங்கள். கையைச் சுற்றி இறுக்கினால் வீக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபடும். கூலன்ட் கண்ணில் பட்டிருந்தால் இமையைத் திறந்து பிடித்து அதே 20 நிமிடம் கழுவுங்கள். இஞ்சினை அணைத்துக் குறைந்தது அரை மணி நேரம் ஆகாமல் மூடியைத் தொடக் கூடாது.

முகாமில் பாம்பு கடித்தால் எந்த அளவுக்கு நாம் செய்யலாம்?
– வாசகி, தென்காசி

கடித்த கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல ஸ்பிளிண்ட் வைத்து அசையாமல் செய்வது, மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுவது, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போவது, கடித்த நேரத்தைக் குறிப்பது. இவ்வளவுதான் நம் வேலை. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்காதீர்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே கூட்டு விஷமுறிவு மருந்துதான். அதனால் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அது இருக்கும். கிளம்பும் முன்பே உங்கள் பாதைக்கு அருகில் எந்த மருத்துவமனையில் இருப்பு உண்டு, எங்கே வென்டிலேட்டர் உண்டு என்று கேட்டு எழுதி வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் வகைகளுக்கு அந்த மருந்து வேலை செய்யாது. ஆனாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

கட்டுவிரியனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும், வலி இருக்காது, தடமும் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்று வலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாய்வழி மூச்சு கொடுத்துக்கொண்டே போங்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூச்சை நீங்கள் தாங்கினால் ஆள் பிழைப்பார். ஜிப் மூடிய கூடாரமோ மடக்குக் கட்டிலோ இருந்தால் இந்தக் கடியே பெரும்பாலும் நேராது.

தேரிக்காட்டு மணலில் ஓட்டப் போகிறோம். வெயில்தான் பயம்.
– வாசகர், தூத்துக்குடி

பயம் சரிதான். வண்டியை ஓட்டும்போதல்ல, புதைந்த வண்டியை நண்பகலில் மண்வெட்டியால் தோண்டும்போதுதான் விழுவார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். தலைவலி, குமட்டல் என்றால் நிழல், ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்காதீர்கள், உப்பு கூடிவிடும்.

பேச்சு தடுமாறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் அது வெப்பத்தாக்கு. உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவதற்கு முன் அங்கேயே குளிர்வியுங்கள். சட்டையைக் கழற்றி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள், ஏ.சி.யை முழுதாக வையுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போகும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

மேட்டு உச்சியிலிருந்து வண்டி குதித்து மூக்கு குத்தி இறங்கியபின் ‘முதுகு பிடித்துக்கொண்டது’ என்று சொல்பவரைத் தட்டிக் கொடுத்து எழுப்பாதீர்கள். முதுகெலும்பு அமுங்கி நொறுங்கியிருக்கலாம். படுத்தபடியே கொண்டுபோங்கள்.

காட்டுக்குள் சிக்னல் இல்லை. உதவியை எப்படிக் கூப்பிடுவது? உதவினால் போலீஸ் வழக்கு வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கிளம்பும் முன்பே இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாதையில் சிக்னல் கிடைக்கும் மேடு, ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய தார்ச்சாலைச் சந்திப்பு. விபத்து நடந்தால் ஒரு வண்டி மட்டும், இரண்டு பேரோடு, கையில் ஒரு தாளோடு இறங்கட்டும். தாளில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி, ரத்தம் எங்கே, டூர்னிகே போட்ட நேரம். பதற்றத்தில் வாய்மொழியாகச் சொன்னது மாறிவிடும். அந்த இருவரில் ஒருவர் சந்திப்பிலேயே நின்று ஆம்புலன்ஸை மறிக்க வேண்டும். 108 அல்லது 112. உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112 போகும். செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு நண்பர் கொண்டுவந்தார் என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராமல் காக்கிறது. சாலை விபத்துக்கு, தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். தனியார் நிலத்து ஆஃப்ரோடு தடத்தில் அடிபட்டால் இது பொருந்தும் என்று நம்பி இருக்காமல், உங்கள் விபத்துக் காப்பீட்டில் இந்த ஓட்டம் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். அது குற்றம் என்பதோடு, மாட்டிக்கொள்வோமோ என்று யோசித்து 108-ஐக் கூப்பிடத் தயங்கும் அந்த அரை மணி நேரத்தில் ரத்தம் போய்விடும். அப்படியே போய்விட்டவர்களாக இருந்தாலும் சரி, முதலில் கூப்பிடுங்கள், அபராதத்தைப் பிறகு கட்டலாம்.

அடிபட்டவர் தண்ணீர் கேட்கிறார், வலி மாத்திரை கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

அறுவை சிகிச்சை தேவைப்படும் போலிருந்தால், அதாவது எலும்பு முறிவு, வயிற்றில் அடி, துண்டான விரல் என்றால், வாய் வழியாக எதுவும் வேண்டாம். உதட்டை நனைத்துவிடுங்கள். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்து, அவர் முழுத் தெளிவோடு இருந்தால் மடக்கு மடக்காகத் தண்ணீர் தரலாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகைகள் ரத்தம் உறைவதைக் குறைக்கும், ஆகவே ரத்தக் காயத்துக்கு ஆகாது. முறிந்த எலும்புக்குச் சரியாகப் போட்ட ஸ்பிளிண்ட் எந்த மாத்திரையையும்விட அதிகமாக வலியைக் குறைக்கும். கொடுத்த மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் அதே தாளில் எழுதி அனுப்புங்கள்.